தமிழ் வழிப் பள்ளியில் லேப்டாப் பீரோவை விட்டு வெளியே வர யார் என்ன செய்ய வேண்டும்?

டீச்சர், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் ஒரே வளாகத்தில் நடக்கிற ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு இந்த ஜூனில் ஹெச்.எம். (தலைமையாசிரியை) ஆக வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலையாள வகுப்புகளில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் ஓரளவு ஓடுகின்றன, தமிழ் வகுப்புகளில் அவை பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. கேட்டால் "அது ஐ.டி. மாஷோட வேலை" என்று, கணினிப் பொறுப்பில் இருக்கிற ஆசிரியரைக் காட்டுகிறார்கள். ஆர்டர் போட்டுப் பயன்படுத்த வைக்கலாமா, எனக்கே கணினி அவ்வளவாகத் தெரியாதே, பஞ்சாயத்து மெம்பர் ஒரு பெரிய தொடுதிரை வாங்கித் தருகிறேன் என்கிறாரே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது கருவியைப் பற்றிய கேள்வியாகத் தெரியவில்லை. தனக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையை, தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்களையும் தொடவே பயப்படுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு தலைமையாசிரியை எப்படி நடத்திச் செல்வது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் கணக்கு எடுத்தவன். பல வருடம் பள்ளியின் ஐ.டி. கோ-ஆர்டினேட்டராக இருந்தேன். பிறகு பாலக்காட்டிலும் தேவிகுளம் பக்கமும் தமிழ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். யு.பி. (நடுநிலை), ஹைஸ்கூல் வகுப்புகளைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எல்.பி. (தொடக்க வகுப்பு) குழந்தைகளுக்குத் திரை எவ்வளவு, எப்போது என்பது தனி விஷயம். அதை அந்த வகுப்புகளில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

கேரளத்தில் கருவி இல்லை என்ற குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய அரசுத் திட்டம் 2017-இல் கைட் (KITE) என்ற அரசு நிறுவனமானது. 2018-இல் ஹைடெக் திட்டத்தில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்காக 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கீழ் வகுப்புகளுக்கும் கணினி லேப் வந்தது. 2020 அக்டோபர் 12 அன்று பொதுக்கல்வி முழுவதும் டிஜிட்டல் ஆகிவிட்டது என்று மாநிலமே அறிவித்தது. உங்கள் பீரோவில் இருப்பவை இந்த வழியில் வந்தவையாகத்தான் இருக்கும். வாங்குவது, வயரிங், ஆசிரியர் பயிற்சி எல்லாம் மேலிருந்து ஒழுங்காகவே நடந்தன. ஆனால் ஒரு பள்ளிக்குள் யார் எதை முடிவு செய்வது என்பதை எந்தத் திட்டமும் மேலிருந்து அனுப்ப முடியாது. நீங்கள் தொட வேண்டிய இடம் அது.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது? நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் வகுப்பில் இருந்தால் சாவி அவர் பாக்கெட்டில், லீவு போட்டால் அவர் வீட்டில். சமூக அறிவியல் டீச்சர் மூன்றாவது பீரியடில் ஒரு வரைபடம் காட்ட நினைக்கிறார் என்று வையுங்கள். மாஷைத் தேடிப் பிடித்து, சாவி வாங்கி, லேப்டாப்பை எடுத்து, சார்ஜ் இல்லை என்று கண்டு, அதற்குரிய ஒயரைத் தேடி, புரொஜெக்டரில் படம் வருவதற்குள் பீரியடில் பாதி போய்விடும். பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்திருப்பார்கள். ஒரு தடவை அப்படிப் பட்டவர் மறுபடி சாவி கேட்க மாட்டார். அப்புறம் ஸ்டாஃப் ரூமில் "தமிழ் டீச்சர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று ஒரு பேச்சு வரும்.

சாவி ஒருவரிடமே சிக்கிக்கொள்வதற்குக் காரணம் பயம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆடிட்டில் ஒரு சார்ஜர் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மற்றவர்களுக்கும் அதே பயம்தான், நம் கையில் கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று. இந்தப் பயத்தை எடுப்பதற்குக் கணினி தெரிய வேண்டாம், ஹெச்.எம். என்ற பதவி போதும். ஸ்டாஃப் கூட்டம் கூட்டி, மினிட்ஸில் எழுத வைத்துச் சொல்லுங்கள்: வகுப்பில் பயன்படுத்தும்போது வருகிற பழுது பள்ளியின் பொறுப்பு, அதை அன்றே எழுதிக் கொடுத்தால் போதும். வகுப்பில் ஓடித் தேய்வது வேறு, அலட்சியமாகப் போட்டு உடைப்பது வேறு என்பதையும் அதே கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள். பிறகு சாவியை மூன்று பேரிடம் கொடுங்கள், அதில் ஒருவர் கட்டாயம் தமிழ் டிவிஷன்காரராக இருக்கட்டும். எடுத்தது, வைத்தது, சார்ஜில் போட்டது எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு போதும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தயக்கம் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆர்டர் போடுவது பற்றி. வாரத்துக்கு இத்தனை டிஜிட்டல் வகுப்பு என்று சர்க்குலர் விட்டால் ரிஜிஸ்டர் நிறையும். புரொஜெக்டரில் பாடப்புத்தகத்தின் பக்கத்தையே பெரிதாக்கிக் காட்டி, "எடுத்தாச்சு" என்று எழுதி வைப்பார்கள். அதைவிட நீங்களே பயிற்சியில் மற்ற ஆசிரியர்களோடு பெஞ்சில் உட்காருங்கள். கணினி தெரியாது என்பதைக் குறையாகச் சொன்னீர்கள். எனக்கு அது சாதகமாகத் தெரிகிறது. ஹெச்.எம். எல்லோர் முன்னாலும் "இந்த ஃபைலை எங்கே சேமிப்பது, எனக்கும் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டால், ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கிற டீச்சரும் கூச்சமில்லாமல் கேட்பார். இது வெறும் அனுபவப் பேச்சில்லை. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் குழுவினரும் 27 ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளித் தலைமை செய்கிற காரியங்களில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புபட்டது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து அதில் தலைமையாசிரியரும் சேர்ந்து உட்கார்வதுதான் என்று அதில் வந்தது. ஆனால் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் இருந்த ஆய்வுகள் சிலவே, கணினிப் பயிற்சியை மட்டும் வைத்து அளந்தவையும் அல்ல. அதனால் அளவைப் பிடித்துக்கொள்ளாமல் திசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எது உறுதி, எது சந்தேகம் என்று சொல்லிவிடுகிறேன். கருவியைக் கொடுத்தால் மட்டும் படிப்பு உயராது என்பது உறுதியான விஷயம். பெரு நாட்டில் 319 கிராமப் பள்ளிகளை வைத்து, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் திட்டத்தை அளந்தார்கள். பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால் கணினிகள் பல மடங்கு ஆகியிருந்தன, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவில்லை. ஆசிரியரின் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுப்பதும் ஆபத்து. குஜராத்தில் ஞானசாலா அமைப்பின் மையங்களில் லீ லிண்டன் செய்த ஆய்வில், வகுப்பு நேரத்துக்குப் பதிலாகக் கணினியில் உட்கார்ந்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். வகுப்பு முடிந்து கூடுதலாக உட்கார்ந்தவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். ஆக, எந்தப் பாடத்தில், எந்த நிமிடத்தில், எதற்காக என்பதுதான் கேள்வி. அதை அந்தப் பாடம் எடுப்பவர்தான் சொல்ல முடியும், நீங்களோ ஐ.டி. மாஷோ சொல்ல முடியாது. சந்தேகமானது எது என்றால், பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு நடத்துகிற பள்ளியில் மதிப்பெண் இவ்வளவு கூடும் என்று யாராவது சொல்வது. பகிர்வதால் ஆசிரியர்கள் மாறுகிறார்கள், அது வகுப்புக்குப் போய், பிள்ளைகளிடம் தெரியப் பல படிகள் இருக்கின்றன. நேரடிக் கணக்கு காட்டுகிறவரை நம்ப வேண்டாம்.

இனி தமிழ் டிவிஷன் விஷயம். மலையாள வகுப்பில் ஓடுவது தமிழ் வகுப்பில் ஓடாததற்கு மனப்பான்மையைக் குறை சொல்வது அநியாயம். ஆசிரியர்களுக்குப் பாடப் பொருள்கள் தருகிற கைட்டின் சமக்ரா போர்ட்டலைத் திறந்தால் வீடியோவும் படமும் பயிற்சித்தாளும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கொட்டிக் கிடக்கின்றன, தமிழில் கை நிறையக் கிடைப்பதில்லை. அந்தப் பக்கம் கோபாலபுரம், வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடங்கள் ஏராளம். ஆனால் பாடத்திட்டம் வேறு, அத்தியாய வரிசை வேறு. நம் டீச்சர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். மலையாள டிவிஷன் மாஷ் தயாராக இருப்பதை எடுத்துப் போட்டுக் காட்டுகிறார், இவர் ஒவ்வொன்றையும் தானே செய்ய வேண்டியிருக்கிறது. பழைய நோட்டுகளை எடுத்துச் செய்யலாம் என்று உட்கார்ந்தால் அங்கே இன்னொரு தொல்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை நம் பள்ளிக் கணினிகளில் இருக்கிற லினக்ஸில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். இதைப் பார்த்ததும் "சிஸ்டத்தில் தமிழ் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரு மதியத்து வேலை. ஐ.டி. மாஷுக்கு மலையாளத் தட்டச்சுதான் பழக்கம், அதனால் அவருக்கு இது பிரச்சினையாகவே தோன்றியிருக்காது. கேட்டால் உடனே செய்து கொடுப்பார். கேட்க ஒரு கூட்டம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு மொழி அதிகம் தேவைப்படாதவற்றை எடுக்கச் சொல்லுங்கள். என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வட்டங்கள் பாடத்தில், விட்டத்தின் இரு முனைகளையும் இன்னொரு புள்ளியோடு சேர்த்தால் வருகிற கோணத்தைப் பார்ப்போம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அதை வரைந்து, புள்ளியை ஒரு பிள்ளையையே இழுக்கச் சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும்போது கோணம் 90-க்கு மேலே ஓடும், வெளியே போனால் கீழே இறங்கும், சரியாக வட்டத்தின் மேல் வந்து நிற்கும்போது 90. வட்டத்தின் மேலேயே நகர்த்தினால் அந்த 90 அசையாது. கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் இந்த நகர்வைக் காட்ட முடியாது. கடைசி பெஞ்சிலிருந்து "இன்னொரு வாட்டி வெளிய இழுடா" என்று குரல் வரும். இதற்கு மலையாளமும் வேண்டாம், தமிழும் வேண்டாம். வானியலுக்கு ஸ்டெல்லேரியம், வேதியியலுக்குத் தனிம அட்டவணை காட்டும் கால்சியம் (Kalzium) என்று இந்த மாதிரி மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் கை பழகிய ஆசிரியர் பிறகு மொழி தேவைப்படும் பாடங்களுக்குத் தானே வருவார்.

அந்த மொழிப் பாடங்களை ஒரு பள்ளியால் தனியாகத் தயாரிக்க முடியாது. சித்தூர் பக்கத்திலும் தேவிகுளம், பீருமேடு பக்கத்திலும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்துக்கு ஒருவரோ இருவரோதான். எல்லோரும் அதே அத்தியாயத்துக்கு அதே வரைபடத்தில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் அடித்துக்கொண்டிருப்பது வீண். எருத்தேன்பதியில் ஒருவர் முதல் அத்தியாயம், முதலமடையில் ஒருவர் இரண்டாவது, மறையூரில் ஒருவர் மூன்றாவது என்று பங்கு போட்டால் ஓணப் பரீட்சைக்குள் ஒரு டேர்ம் பாடம் கையில் இருக்கும். நீங்கள் மற்ற ஹெச்.எம்.களை ஃபோனில் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆசிரியர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதற்கும், இரண்டு ஹெச்.எம்.கள் பேசி வைத்து ஒரு மதியம் அவர்களைச் சேர்ந்து உட்கார வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இது நடக்காத காரியம் இல்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூன் 1 அன்று கைட்டின் விக்டர்ஸ் டிவி சேனலில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் வழிப் பாடங்களைத் தனியாகத் தயாரித்து யூடியூபில் போட்டோம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அன்று டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசகசாலைகளும் அங்கன்வாடிகளும் இடம் கொடுத்தன. கட்டாயம் வந்தபோது செய்ததை இப்போது நிதானமாகச் செய்யலாம்.

ஐ.டி. மாஷை மறந்துவிடாதீர்கள். பொறுப்பைப் பகிர்கிறோம் என்று சொல்லி வேலையை மட்டும் பகிர்ந்து கொடுக்கிற பழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. சம்பூர்ணா என்ற பள்ளி நிர்வாக மென்பொருளில் பிள்ளைகள் விவரம் ஏற்றுவது, ஸ்காலர்ஷிப் லிஸ்ட், பிரிண்டர் மக்கர் பண்ணினால் பார்ப்பது, எல்லாம் அவர் தலையில். முடிவு எடுக்கும்போது மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவருடைய அலுவலக வேலையில் ஒரு பகுதியையாவது ஆபீஸுக்கே திருப்பி அனுப்புங்கள், டைம்டேபிளில் அவருக்கு ஒரு பீரியடை விடுவித்து "இந்த நேரம் மற்ற ஆசிரியர்களுக்கு உதவ" என்று எழுதி ஒட்டுங்கள். எந்தப் பாடத்தில் எப்போது கருவி வேண்டும் என்பதை அந்தப் பாட ஆசிரியர்கள் சேர்ந்த சப்ஜெக்ட் கவுன்சில் முடிவு செய்யட்டும், எந்தக் கருவியை எந்த அறையில் வைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ஒரு டேர்ம் வரை மாற்றாதீர்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி, பல நல்ல ஹெச்.எம்.கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

பிள்ளைகளையும் சேருங்கள். உங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்கிற மாணவர் ஐ.டி. கிளப்பின் யூனிட் இருந்தால், அதில் தமிழ் டிவிஷன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். 2018-இல் தொடங்கிய இந்த அமைப்பில் எட்டாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக இருந்தால் விசாரியுங்கள். பெரும்பாலும் அறிவிப்பு அவர்கள் வகுப்பில் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. ஒவ்வொரு தமிழ் வகுப்பிலும் இரண்டு பேர் புரொஜெக்டரை மாட்டவும் கழற்றவும் பழகிவிட்டால் டீச்சரின் பதற்றம் பாதியாகும். ஐப்பசி மாதம் மதியத்துக்கு மேல் இடி இறங்குகிற நாட்களில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதையும் அவர்கள் மறக்க மாட்டார்கள், அதுவும் ஒரு பெரியவர் மேற்பார்வையில் மழை தொடங்குவதற்கு முன்னாலேயே நடக்கட்டும்.

இப்போது நிறைய ஆசிரியர்கள் மலையாளக் குறிப்பைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தமிழாக்கிக்கொள்கிறார்கள். 2024-இலேயே கைட் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டது. செய்யட்டும், நேரம் மிச்சமாகும். ஆனால் கலைச்சொல் பாடப்புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று இன்னொரு ஆசிரியர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் வையுங்கள். புத்தகத்தில் ஒரு சொல், திரையில் ஒரு சொல், பரீட்சையில் இன்னொரு சொல் என்று வந்தால் அடி வாங்குவது பிள்ளைதான்.

கடைசியாகத் தொடுதிரை. மெம்பருக்கு நல்ல மனது, அதைத் தட்டிவிடாதீர்கள். அவரை பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டத்துக்கே கூப்பிடுங்கள், தாய்மார்களின் மதர் பி.டி.ஏ.வும் இருக்கட்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று சப்ஜெக்ட் கவுன்சில் முன்கூட்டியே எழுதிய பட்டியலை அங்கே வாசிக்கச் செய்யுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பட்டியலில் தொடுதிரை மேலே வருவதில்லை. தமிழ் வகுப்பறைகளில் சரியான எர்த் உள்ள பிளக், மதிய வெயில் திரையில் விழாமல் இருக்க ஜன்னல் துணி, உத்தரவாதக் காலம் முடிந்த புரொஜெக்டர்களைப் பழுது பார்க்கக் கொஞ்சம் பணம், இன்னும் இரண்டு ஸ்பீக்கர், இவைதான் வரும். தொகை சிறியது, பலன் அன்றைக்கே தெரியும். அவர் அதற்குச் சம்மதித்தால் அதையே வாங்குங்கள். இல்லை, திரைதான் தருவேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். வந்ததும் ஆபீஸ் ரூமிலோ ஆடிட்டோரியத்திலோ மாட்டாமல், சாவி வாங்கிய அந்தத் தமிழ் டிவிஷன் ஆசிரியர் சொல்கிற வகுப்பறையில் மாட்டுங்கள்.